அன்னவாசல் வட்டாரமும் சூழ்நிலையியல் கல்வியும்

சூழ்நிலையியல் என்பது தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு இயற்கை, சமூகம், பண்பாடு, வரலாறு ஆகியவற்றை அவர்கள் வாழும் சூழலிலிருந்து தொடங்கிக் கற்பிக்கும் பாடமாகும். புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள அன்னவாசல் பேரூராட்சியும் அதன் அருகிலுள்ள சித்தன்னவாசல், குடுமியான்மலை ஆகிய ஊர்களும் இந்நான்கையும் ஒருசேரக் காட்டக்கூடிய இடங்களாகும்.

பாடத்தின் அமைப்பு

எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று 1991ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு, தொடக்க வகுப்புகளில் அறிவியலையும் சமூக அறிவியலையும் பிரிக்காமல் ஒரே பாடமாகக் கற்பிக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல் என்ற பெயரிலும், மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல், சமூக அறிவியல் என்று தனித்தனியாகவும் பாடநூல்கள் வெளியிடப்பட்டன. இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் இதையொத்த பாடம் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' எனப்படுகிறது.

மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாடநூலில் ஒவ்வோர் ஊரின் குளமும் மலையும் இடம்பெற இயலாது. எனவே பாடநூலையும் ஊரையும் இணைக்கும் பணி ஆசிரியரைச் சார்ந்ததாகிறது.

இயற்கையைக் கற்றல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி மழையை நம்பிய வறண்ட நிலமாகும். மழைநீரைத் தேக்கக் குளங்கள், கண்மாய்கள், ஊருணிகள் வெட்டப்பட்டன. மழைநீர் எந்த வரத்து வாய்க்கால் வழியே குளத்திற்கு வருகிறது, மடை வழியே எந்த வயலுக்குச் செல்கிறது, மிகை நீர் கலிங்கு வழியே எங்கே வெளியேறுகிறது என்று நேரில் பார்க்கும் குழந்தை, நீர் பற்றிய பாடத்தோடு ஊரின் வேளாண்மையையும் அறிகிறது. இம்மாவட்டத்தின் குளங்கள் பலவற்றில் கல்வெட்டுடன் கூடிய குமிழித் தூம்புகள் காணப்படுகின்றன. குளத்துக்குள் இருந்து நீரை அளவாகத் திறந்துவிடப் பயன்பட்ட பழைய அமைப்பு இது.

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. அதில் மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள் ஆகியவற்றோடு பூப்பறிக்கும் மனிதர்களும் உள்ளனர். ஓவியத்தில் உள்ள உயிர்களில் எவை இன்றும் தம் ஊர்க் குளத்தில் உள்ளன, எவை இல்லை என்று மாணவர்கள் பட்டியலிடலாம். இதே ஓவியம் சமண சமயத்தையும் பாண்டியர் காலக் கலையையும் பேசவும் இடமளிக்கிறது.

வரலாற்றைக் கற்றல்

சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளம் உள்ளது. அங்குச் சமணத் துறவியருக்காக வழவழப்பாகச் செதுக்கப்பட்ட 17 கற்படுக்கைகளும், பொ.ஊ.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்குச் செய்து தரப்பட்ட இருக்கையைப் பற்றி அக்கல்வெட்டு கூறுகிறது. மலையைச் சுற்றிய பகுதியில் கல்வட்டங்கள் உள்ளிட்ட பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் காணப்படுகின்றன.

வரலாற்று முடிவுகள் சான்றுகளின் அடிப்படையில் மாறக்கூடியவை என்பதற்கும் இங்கு எடுத்துக்காட்டு உண்டு. அறிவர் கோயிலின் ஓவியங்கள் முதலில் 7ஆம் நூற்றாண்டின் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை எனக் கருதப்பட்டன. பின்னர், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கூறும் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதன் அடிப்படையில் அவை 9ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் சீமாறன் சீவல்லபன் காலத்தவை எனக் கொள்ளப்பட்டன. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியைப் பத்து வயதுக் குழந்தையிடம் எழுப்ப இச்செய்தி உதவும்.

சமூகமும் பண்பாடும்

சித்தன்னவாசல் என்ற பெயர் 'சிறிய அன்னவாசல்' என்பதன் திரிபு என்றும், துறவியர் உறைவிடம் எனப் பொருள்படும் வடமொழித் தொடரிலிருந்து வந்தது என்றும் இருவேறு விளக்கங்கள் உள்ளன. மாணவர்கள் தங்கள் ஊர்ப் பெயருக்குப் பெரியவர்கள் கூறும் காரணங்களைக் கேட்டு எழுதி வரும்போது, ஒரே பெயருக்குப் பல கதைகள் இருப்பதையும், கதையும் கல்வெட்டும் வெவ்வேறு வகைச் சான்றுகள் என்பதையும் உணர்கின்றனர்.

குடுமியான்மலையில் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட இசைக் கல்வெட்டு உள்ளது. புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம், வகுப்பறையில் காட்ட முடியாத தொல்பொருள்களை நேரில் காண உதவுகிறது.

இடர்கள்

பாடம் மூன்றாம் வகுப்பில் இரண்டாகப் பிரியும்போது, குளம் அறிவியலிலும் கல்வெட்டு சமூக அறிவியலிலும் தனித்தனியே நின்றுவிடுகின்றன. எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் பழக்குவதற்கே பள்ளி நேரத்தின் பெரும்பகுதி செலவாவதால் வெளியே அழைத்துச் செல்வது அரிதாகிறது. சிறுவர்களைப் பாறைச் சரிவிலும் நீர்க்கரையிலும் கூட்டிச் செல்லக் கூடுதல் பெரியவர்களின் துணையும் பெற்றோர் ஒப்புதலும் தேவைப்படுகின்றன. ஒரு சமயத்தின் சின்னங்களைப் பற்றிப் பேசும்போது, அவற்றை உயர்த்தியோ தாழ்த்தியோ கூறாமல் விளக்க வேண்டிய பொறுப்பும் ஆசிரியருக்கு உண்டு.

பாதுகாப்பும் கல்வியும்

சித்தன்னவாசல் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. எனினும் பார்வையாளர்களின் கீறல்களாலும் காலத்தாலும் ஓவியங்களின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. வேலி, காவலர், அபராதம் ஆகியவை ஓரளவே பயன் தரும். ஊரில் சிதறிக் கிடக்கும் கல்வட்டங்களுக்கும் பழைய தூம்புகளுக்கும் அத்தகைய காவலும் இருப்பதில்லை. அவற்றை வெறும் கற்கள் எனக் கருதாத தலைமுறை உருவாவதே அவற்றுக்குக் கிடைக்கக்கூடிய காவலாகும். கற்படுக்கையைத் தொட்டுப் பார்க்காமல் அளந்து வரைந்த குழந்தை, அதன்மேல் தன் பெயரைக் கீறும் வாய்ப்பு குறைவு.