கோல் கம்பத்தருகே ஒருத்தி
களம் கண்ட பெண்கள் – 9

மதுரை செல்லூரில் விளையாட்டு என்றால் கபடிதான். ரவுண்டானாவில் கபடி வீரர்களுக்கே சிலை வைத்த ஊர். ஹாக்கி நமக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. 2025 கடைசியில் ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டங்கள் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வந்தபோது அந்தச் சொந்தம் கொஞ்சம் நெருங்கியது. ஹாக்கி மட்டையைக் கையில் எடுக்க ஆசைப்படும் பெண் பிள்ளைகளுக்காக இந்த வாரம் வந்தனா கட்டாரியா.

2021 ஜூலை 31, டோக்கியோ ஒலிம்பிக். முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, நான்காவதில் அயர்லாந்தை 1-0 என்று வென்று உயிரைப் பிடித்து வைத்திருந்தது இந்திய அணி. தென் ஆப்பிரிக்காவையும் வென்றே தீர வேண்டும். இந்தியா முந்துவதும் அவர்கள் சமன் செய்வதுமாக மூன்று முறை நடந்து, 3-3.

49ஆவது நிமிடம், பெனால்டி கார்னர். குர்ஜித் கௌர் இழுத்து விட்ட பந்து கோலை நோக்கிப் பாய்கிறது. வழியில் வந்தனாவின் மட்டை. அவர் அடிக்கவில்லை; மட்டையைக் காட்டினார், அவ்வளவுதான். பந்து திசை மாறி உள்ளே போய்விட்டது. அன்று அவருக்கு அது மூன்றாவது கோல். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் ஆனார்.

ஹரித்வாரை ஒட்டிய ரோஷ்னாபாத் அவர் ஊர். அப்பா நாஹர் சிங், பெல் நிறுவன ஊழியர். நம் திருச்சியில் இருக்கிறதே, அதே பெல். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஆட்டம்?' என்று ஊர் முணுமுணுத்தபோது மகள் பக்கம் நின்றவர். அந்த ஹாட்ரிக்குக்கு இரண்டு மாதம் முன்புதான் இறந்துபோனார். கொரோனாக் காலம், பெங்களூரு பயிற்சி முகாமிலிருந்த மகளால் கடைசியாக முகம் பார்க்கவும் போக முடியவில்லை.

ஆகஸ்ட் 4, அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோல்வி. அன்றே வந்தனாவின் வீட்டு வாசலில் சிலர் வெடி வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டியதாகக் குடும்பம் போலீசில் புகார் கொடுத்தது. அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோற்றார்களாம். இரண்டே நாளில், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனுக்கு எதிராக வந்தனா மறுபடியும் கோல் போட்டார். ஆட்டம் 3-4 என்று கைநழுவியது.

அந்த ஒரு வாரத்தோடு அவர் கதையை முடித்துவிடுகிறோம். 2009இல் சீனியர் அணிக்கு வந்தவர், 2025 ஏப்ரல் 1 அன்று ஓய்வு அறிவித்தபோது கணக்கு 320 ஆட்டம், 158 கோல். அதுவரை இத்தனை ஆட்டம் ஆடிய இந்தியப் பெண் வேறு யாரும் இல்லை. 2016 ரியோவில் கடைசி இடம் வந்த அணியிலும் இருந்தார், டோக்கியோவில் நான்காம் இடம் வந்த அணியிலும் இருந்தார். பாரிஸ் தகுதிச் சுற்று நெருங்கிய நேரத்தில் கன்ன எலும்பு முறிந்து வெளியே உட்கார, இந்தியாவும் பாரிஸுக்குப் போகவில்லை.

இவ்வளவுக்கும் அடித்தளம், மீரட்டிலும் பிறகு லக்னோ விளையாட்டு விடுதியிலும் கிடைத்த பயிற்சி. ஊர் வாயை மூட வந்தனாவின் அப்பாவால் முடியவில்லை; மகளை ஊரைத் தாண்டி அனுப்ப முடிந்தது, போய்த் தங்க ஓர் இடமும் இருந்தது. மதுரையில் இப்போது நல்ல தரை இருக்கிறது. நம் பெண் பிள்ளைகளுக்கு அதில் தினமும் மாலை நேரம், ஒரு பயிற்சியாளர், இருட்டியபின் வீடு திரும்ப வண்டி, இந்த மூன்றையும் ஒதுக்குவது யார் பொறுப்பு என்று நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த வாரம்: ஷாபாத் மார்க்கண்டாவின் ராணி ராம்பால்