தோப்பும் காடும் ஒரே பச்சையா?

தாமலசெருவு, பங்காருபாளையம் பக்கம் எங்கே திரும்பினாலும் மாந்தோப்பு. சித்தூர் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளுக்குத் தோத்தாபுரி போவது இப்படிப்பட்ட தோப்புகளிலிருந்துதான். ஐரோப்பிய விண்வெளி முகமையின் 'வேர்ல்டுகவர்' வரைபடத்தில் முற்றிய தோப்பும், திருப்பதிக்கு மேலே சேஷாசலத்தில் செம்மரம் நிற்கும் காடும் ஒரே வகை: மரப்பரப்பு. அதன் விதிப்படி இது பிழையே இல்லை. நம் இந்திய வன ஆய்வு நிறுவனமும் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் 10 விழுக்காடு மரக்கவிகை இருந்தால் வனப்பரப்பில் சேர்த்துவிடுகிறது. நிலம் யாருடையது, என்ன மரம் என்று பார்ப்பதில்லை.

இப்படிப்பட்ட வரைபடங்களைத் தரையில் சரிபார்ப்பது என் வேலை. வரைபடத்தில் குலுக்கல் முறையில் புள்ளிகள் எடுப்போம். ஜிபிஎஸ்ஸோடு அங்கே போய், இருப்பதை எழுதிவருவோம். பிறகு இரண்டு கேள்விகள். வரைபடம் பயிர் என்று சொன்ன இடங்களில் எத்தனை உண்மையிலேயே பயிர்? உண்மையான பயிர் நிலங்களில் எத்தனையை வரைபடம் கண்டுபிடித்தது? இரண்டுக்கும் ஒரே விடை வருவது அபூர்வம்.

இந்த வரைபடங்களுக்கு மூலமான சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். இளந்தோப்பில் அதற்குள் ஒரு மாங்கன்று நிற்கும், சுற்றிலும் மல்லாட்டை விதைத்திருப்பார்கள். "ரெண்டுமே என்னுதுதான் சார், நீங்க எதுன்னு எழுதுவீங்க?" என்று ஒரு விவசாயி கேட்டார். நியாயமான கேள்வி. மல்லாட்டை பிடுங்கியபின் அதே கட்டம் வெறும் மண். கோடையில் சேஷாசலத்துக் காடும் இலை உதிர்த்துப் புதர்போலத் தெரியும். எந்த மாதப் படம் என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடுகிறது.

வேர்ல்டுகவர், கூகுளின் டைனமிக் வேர்ல்டு, எஸ்ரி நிறுவனத்தின் வரைபடம் ஆகிய மூன்றையும் 2022இல் ஓர் ஆய்வு ஒப்பிட்டது. உலகளாவிய சோதனைப் புள்ளிகளில் எஸ்ரி 75, டைனமிக் வேர்ல்டு 72, வேர்ல்டுகவர் 65 விழுக்காடு சரியாக இருந்தன. சிறு பரப்புகளை நுணுக்கமாகப் பதிந்த ஐரோப்பியக் களப் புள்ளிகளில் வரிசை தலைகீழ்: வேர்ல்டுகவர் 71, டைனமிக் வேர்ல்டு 66, எஸ்ரி 63. அளவுகோல் மாறியதும் முதலிடமே மாறிவிட்டது. துண்டு துண்டான நம் மானாவாரிக் காணிகளுக்கு இந்த இரண்டாவது சோதனைதான் நெருக்கமானது என்று நினைக்கிறேன். ஆனாலும் ஐரோப்பியப் புள்ளிகளை வைத்துப் பலமனேர் நிலத்துக்குத் தீர்ப்பு எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

பலமனேர், குப்பம் பக்கம் கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் விளைநிலங்களுக்கு இறங்குகின்றன. காடு எங்கே முடிகிறது, தோப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வரைபடத்தைக் கொண்டு அங்கே அகழி வெட்டவோ வேலி போடவோ கூடாது. எந்த வரைபடம் வந்தாலும், சித்தூர் மாவட்டத்து மாவையும் காட்டையும் தனித்தனியாக எவ்வளவு சரியாகப் பிரித்தது என்ற கணக்கை முதலில் கேளுங்கள். அந்தக் கணக்கு இல்லாவிட்டால், களத்தில் இறங்கிப் புள்ளி எடுத்த பிறகே அந்த வரைபடத்தைப் பயன்படுத்த வேண்டும்.