நிலையான வட்டிக் கடனைப் பாதியில் மாற்றலாமா?

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ, 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அந்த ஏற்றத்துக்குப் பயந்து நிலையான வட்டியில் வீட்டுக்கடன் வாங்கியவர்கள் உண்டு. 2025-இல் ரிசர்வ் வங்கி நான்கு முறை குறைத்து ரெப்போவை 5.25-க்குக் கொண்டுவந்தது. மாறும் வட்டிக்காரர்களுக்கு வட்டி இறங்கியது; இவர்களுக்கு அசையவில்லை.

வேறு வங்கிக்கு மாறலாம், தடையில்லை. ஆனால் செலவு உண்டு. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் கூடாது என்று வங்கிகளுக்கு 2012-லேயே உத்தரவு வந்துவிட்டது. நிலையான வட்டிக்கு அந்தக் காப்பு இல்லை. ப்ரீகுளோஷர் சார்ஜ் எவ்வளவு என்பதை உங்கள் ஒப்பந்தம் சொல்லும். மீதி அசலில் 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சாதாரணமாகக் கேட்பார்கள். வீட்டு வசதி நிதி நிறுவனக் கடனைச் சொந்தப் பணத்தில் அடைத்தால் இந்தக் கட்டணம் கிடையாது. இன்னொரு வங்கியில் வாங்கி அடைப்பது சொந்தப் பணம் ஆகாது.

ஒப்பந்தத்தைக் கையில் எடுத்ததும் இன்னொன்றையும் பாருங்கள். நம் ஊரில் 'நிலையான வட்டி' என்று விற்கப்படும் பல கடன்கள் முதல் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கே நிலையானவை. அந்தக் கெடு முடியச் சில மாதங்களே இருந்தால் பொறுத்திருப்பதே லாபம்.

அடுத்து, உங்கள் வங்கியிலேயே மாறும் வட்டிக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். அதற்கான கட்டணம் பெரும்பாலும் குறைவு. புதிதாக வக்கீல் பத்திரம் பார்க்க வேண்டாம், பழைய எம்ஓடியை (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) ரத்து செய்து புதியதைப் பதியவும் வேண்டாம். பலர் இதைக் கேட்காமலே வேறு வங்கியின் படியேறிவிடுகிறார்கள்.

இனி கணக்கு. மீதி 30 லட்சம், 15 ஆண்டு, வட்டி 10 சதவீதம் என்றால் இஎம்ஐ சுமார் 32,240 ரூபாய். 8.5-க்கு மாறினால் 29,540. மாதம் 2,700 மிச்சம். 2 சதவீதக் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 70,800. அது மட்டும் திரும்பி வரவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். புதிய வங்கியின் செயலாக்கக் கட்டணமும் பதிவுச் செலவும் தனி.

உண்மையான பொறி வேறு. புதிய வங்கி, "20 வருஷம் போட்டுக்கலாம் சார், 26,000-தான் வரும்" என்னும். மாதம் 6,200 குறைவது கண்ணுக்குத் தெரியும். மொத்தமாகக் கட்டுவது 58 லட்சத்திலிருந்து 62.5 லட்சமாவது தெரியாது. மீதி 15 ஆண்டு என்றால் புதிய கடனும் 15 ஆண்டே இருக்கட்டும்.

கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் பழைய வங்கி மூலப் பத்திரங்களைத் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ள விதி. பத்திரம் நேராகப் புதிய வங்கிக்குத்தான் போகும் என்றாலும், வில்லங்கச் சான்று ஒன்று போட்டு பழைய எம்ஓடி ரத்தானதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.