விளக்கை அணைக்கும் மாதம்

சென்ற வாரம் தாடி ஓணானின் கண்ணாடிக் கூண்டுக்கு எத்தனை விளக்கு, எவ்வளவு சூடு என்று பார்த்தோம். இந்த வாரம் அதே விளக்குகளை அணைப்பது பற்றி.

நேற்றுவரை கரப்பானைக் கண்டால் பாய்ந்த பிராணி, ஒரு நாள் மரக்கட்டைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும். தீனியைத் திரும்பிப் பார்க்காது. தொட்டால் ஒரு கண்ணைத் திறந்து மூடும். “செத்துவிட்டதா?” என்பதுதான் புதிதாக வளர்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி.

சாகவில்லை. நம் வேலியோரத்து ஓணானும் இதுவும் ஒரே குடும்பம்தான். ஆனால் இதன் ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் மில்டூரா பக்கம், ஜூலை இரவுகளில் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும். உடம்பு 35 டிகிரியை ஒட்டிச் சூடேறினால்தான் இதற்கு ஓட்டமும் சாப்பாடும். அதனால் குளிர்ந்ததும் மண்ணுக்குள்ளோ விழுந்த மரத்தின் அடியிலோ நுழைந்து, மூச்சையும் இதயத் துடிப்பையும் குறைத்துக்கொண்டு கிடந்துவிடும். பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவற்றுக்கும் இந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை.

தூக்கம் என்று சொல்லிவிடுகிறோம், தூக்கம் வேறு. பிராங்க்பர்ட்டின் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் ஜில் லோரானின் குழு இதே ஓணானின் இரவுத் தூக்கத்தை ஆராய்ந்து, நமக்கு இருப்பதுபோல அதற்கும் இரண்டு கட்டங்கள் மாறி மாறி வருவதை 2016-இல் காட்டியது. குளிர்கால அடக்கம் அப்படி அல்ல. நடுவில் எழுந்து நாலடி நகரும், தண்ணீர் குடிக்கும், மறுபடி அடங்கும். கூண்டில் எதை எடுத்தாலும் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், இந்த மாதங்களில் குளிரைவிட ஆபத்தானது வளர்ப்பவரின் இரக்கம். பத்து நாள் பட்டினி கிடக்கிறதே என்று மனசு கேட்காமல் வாயில் எதையாவது திணித்துவிடுவார்கள். ஓணானின் வயிறு வெளிச்சூட்டில்தான் வேலை செய்யும். சூடு இல்லாதபோது உள்ளே போன தீனி செரிக்காமல் குடலிலேயே கிடந்து அழுகும். ஆகவே கடைசித் தீனிக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் விளக்கு எரிய வேண்டும். குடல் காலியானபின்தான் வெளிச்ச நேரத்தையும் சூட்டையும் படிப்படியாகக் குறைப்பது. பாதிக் கிணறு தாண்டுவது இதில் படுமோசம்: செரிக்கப் போதாத சூடு, சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைக்கப் போதும். அடங்கவிடுவதென்றால் 15 முதல் 20 டிகிரி இருக்கும் அறையில் நிம்மதியாக விடுங்கள். இல்லையென்றால் விளக்கை அணைக்கவே வேண்டாம்.

அணைக்கக் கூடாதவையும் உண்டு. ஒரு வயது நிறையாத குட்டி, மெலிந்தது, நோயிலிருந்து இப்போதுதான் தேறியது ஆகியவற்றுக்கு இந்த வருஷம் குளிர்காலமே கிடையாது. மற்றவற்றின் எச்சத்தையும் முன்கூட்டியே ஊர்வன தெரிந்த மருத்துவரிடம் கொடுத்துச் சோதித்துவிட வேண்டும். உடம்பு அடங்கும்போது நோய் எதிர்ப்பும் சேர்ந்து அடங்கும். குடற்புழுவுக்கும் காக்சிடியாவுக்கும் அது நல்ல வாய்ப்பு.

சிக்கல் என்னவென்றால், நோயாளி ஓணானும் இப்படியேதான் அசையாமல் கிடக்கும். “குளிர்காலம்தானே” என்று விட்டுவிட்டால் போச்சு. சமையலறைத் தராசு இங்கேதான் உதவும். அடங்கும் நாளில் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை தொந்தரவு இல்லாமல் எடுத்து நிறுக்கலாம். நலமாக இருக்கும் ஓணான் சாப்பிடாமலே எடையை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும். 400 கிராம் இருந்தது 360-க்கு வந்தால் சூடேற்றி மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். கண் குழிவிழுதல், வாயோரம் நுரை, நாறும் பேதி இவற்றுக்குத் தராசுகூட வேண்டாம்.

இகுவானா வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு விளக்கில் கை வைத்துவிடக் கூடாது. அது வெப்பமண்டலப் பிராணி; அடங்கத் தெரியாது. புளோரிடாவில் கடுங்குளிர் வந்தால் இகுவானாக்கள் விறைத்து மரத்திலிருந்து விழுவது வழக்கமான செய்தி.

எழும்பும்போதும் அவசரம் ஆகாது. முதலில் வெளிச்சம், பிறகு சூடு, வெதுவெதுப்பான தண்ணீர். தீனி ஓரிரு நாள் கழித்து. சில ஓணான்கள் எழுந்த அன்றே தட்டைத் தேடும், சில வாரக்கணக்கில் முரண்டு பிடிக்கும். ஆண் தாடியைக் கறுப்பாக்கிக்கொண்டு தலையை ஆட்டத் தொடங்கினால் வசந்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். பெண்ணை வைத்திருப்பவர்களுக்குத்தான் அடுத்த வேலை: ஆணே இல்லாவிட்டாலும் அது முட்டையிடலாம். தோண்ட வாகான ஈரமணல் பெட்டி இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு உலை வைக்கும்.

அந்தப் பெட்டியை எப்படி அமைப்பது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)