ஸ்கோர் ஷீட் எங்கே போச்சு? பல்கலைக்கழகக் கூடைப்பந்து பற்றிச் சில குறிப்புகள்

1899 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியது. எதிரணி கான்சஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. ஸ்கோர் 16-5, பல்கலைக்கழகத்துக்குத் தோல்வி. இதைத் தேடி எடுக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

என் பெரியப்பா மகன் 90களில் புதுக்கோட்டையில் படித்தவர், பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். தென்மண்டலப் போட்டியில் எத்தனை மேட்ச் ஆடினீங்க, யார்கிட்ட தோத்தீங்க என்று போன மாதம் கேட்டேன். "ரெண்டு ஜெயிச்சோம்டா. மூணாவதுல ஒரு கேரளா டீம் அடிச்சுட்டாங்க. எந்த யுனிவர்சிட்டின்னு ஞாபகம் இல்ல" என்றார். வீட்டில் ஒரு சான்றிதழ் இருக்கிறது. அதில் "கலந்துகொண்டார்" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய கான்சஸ் ஆட்டம் கிடைக்கிறது, முப்பது வருஷத்துக்கு முந்தைய அண்ணன் ஆட்டம் கிடைக்கவில்லை.

நமக்கு ஆவணம் வைக்கும் பழக்கமே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் படித்த பிறகு, காரணம் வேறு என்று படுகிறது. அந்த ஊருக்கும் நம்ம ஊருக்கும் இந்த ஆட்டம் வந்து சேர்ந்த வழியே வேறு.

1891 டிசம்பரில், ஸ்ப்ரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்காரர் குளிர்காலத்தில் உள்ளே ஆட ஒரு ஆட்டம் உருவாக்கினார். 13 விதிகள், 18 மாணவர்கள், பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகள். ஜிம்மின் மாடத்தைச் சுற்றியிருந்த கைப்பிடியில் கூடைகளை அடித்தார்கள். அந்தக் கைப்பிடி பத்து அடி உயரத்தில் இருந்தது. புதுக்கோட்டைச் செம்மண்ணில் நட்டிருக்கும் கம்பத்திலும் வளையம் அதே பத்து அடிதான், 3.05 மீட்டர். ஒரு கட்டடத்தின் கைப்பிடி உயரம் உலகம் முழுக்கச் சட்டமாகிவிட்டது! (மென்பொருளில் இதை 'ஹார்டுகோடு' என்போம்.)

1898-ல் நெய்ஸ்மித் கான்சஸுக்கு வேலைக்குப் போனார். அங்கே அவர் அணியின் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே தோற்றது கூடுதல். அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் பிறகு அதே அணிக்குப் பயிற்சியாளராகி, இடையில் சில வருடங்கள் நீங்கலாக, 1956 வரை இருந்தார். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கியில் 876 ஆட்டம் ஜெயித்தார், டீன் ஸ்மித் நார்த் கரோலினாவில் 879. குரு சிஷ்யப் பரம்பரை மாதிரி ஒவ்வொருவருக்கும் எண்ணிக்கை இருக்கிறது. ஏன் இருக்கிறது என்றால், அணி ஒரே இடத்தில் நிலையாக இருக்கிறது. சொந்த அரங்கம், வருஷா வருஷம் சொந்த ஊர் ஆட்டங்கள், டிக்கெட் வாங்கும் கூட்டம், மறுநாள் ஸ்கோர் போடும் உள்ளூர்ப் பத்திரிகை. வரலாறு தானாகவே சேர்ந்துகொண்டே போகும்.

நமக்கு வந்தது வேறு விதம். ஸ்ப்ரிங்ஃபீல்டின் முதல் ஆட்டத்தில் ஆடிய டங்கன் பேட்டன் 1894-லேயே இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தார். ஆனால் தமிழ்நாட்டில் வேர் பிடித்ததற்கு முக்கியமான ஆள் என்று நான் சொல்வது ஹாரி க்ரோ பக். அவரும் ஸ்ப்ரிங்ஃபீல்டில் படித்தவர். 1919-ல் இந்தியா வந்து, 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியின் மேலாளரும் அவரே.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பக் தொடங்கியது ஆசிரியர் பயிற்சி நிலையம். அங்கிருந்து வெளியே போனவர்கள் பி.டி. மாஸ்டர்கள். கையில் விசிலோடும் விதிப் புத்தகத்தோடும் பள்ளி பள்ளியாக, கல்லூரி கல்லூரியாகப் போனார்கள். மர அரங்கத்துக்காக உருவான குளிர்கால ஆட்டம், பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாத செம்மண் தரையில் வெயில் தாழ்ந்த பிறகு ஆடப்பட்டது அவர்களால்தான். ஆட்டம் பரவியது. ஆனால் அதைச் சொந்தம் கொண்டாட ஒரு 'டீம்' உருவாகவில்லை.

பல்கலைக்கழக அணி என்பதும் இங்கே வேறு பொருள். புதுக்கோட்டைக் கல்லூரிகள் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின்கீழ் வருபவை. 1982-க்கு முன் சென்னைப் பல்கலைக்கழகம். கல்லூரிகளுக்குள் முதலில் ஜோனல், பிறகு இன்டர்-ஜோனல். அதில் கண்ணில் பட்டவர்களைப் பொறுக்கி எடுத்து, சில நாள் கேம்ப் போட்டு, ரயிலேற்றித் தென்மண்டலப் போட்டிக்கு அனுப்புவார்கள். முதல் சுற்றுகள் நாக்-அவுட். காலையில் தோற்றால் ராத்திரி ரயில். அதோடு அந்த அணி கலைந்துவிடும். அடுத்த வருஷம் வேறு பசங்க, பல நேரம் வேறு கோச், வேறு ஊர். சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடாத அணிக்கு ரசிகர் எங்கிருந்து வருவார்? யார் ஸ்கோரை எழுதி வைப்பார்?

நன்றாக ஆடுபவன் அப்புறம் ஐ.ஓ.பி.க்கோ ஐ.சி.எஃப்.புக்கோ போய்விடுவான். அதற்குப் பிறகு அவன் பெயருக்குப் பக்கத்தில் வருவது வேலை கொடுத்த நிறுவனத்தின் பெயர்தான். நம் ஊரில் கூடைப்பந்து என்பது வேலைக்கான ஏணி. சான்றிதழைப் பத்திரப்படுத்தியவர்கள் ஸ்கோர் ஷீட்டைப் பத்திரப்படுத்தாததில் ஆச்சரியமில்லை. சான்றிதழுக்கு மதிப்பெண் உண்டு, ஸ்கோர் ஷீட்டுக்கு இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அண்ணனுக்கும் வேலை அந்தக் காகிதத்தால்தான் கிடைத்தது.

அப்படியானால் நம் வரலாற்றை எங்கே தேடுவது? பி.டி. மாஸ்டர்களிடம்தான் என்று ஓய்வுபெற்ற ஒரு உடற்கல்வி இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். "ஆபீஸ் காப்பிய எல்லாம் எடைக்குப் போட்டாச்சு தம்பி" என்றவர், உள்ளே போய் ஒரு நீளமான கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார். பந்து, வலை, பஸ் கட்டணம், சாப்பாட்டு பேட்டா என்று செலவுக் கணக்கு. அதன் ஓரத்தில், தேதிக்கு நேராக, அவர் கூட்டிக்கொண்டு போன ஒவ்வொரு ஜோனல் ஆட்டத்தின் ஸ்கோரும் இருந்தது! பேட்டா கணக்கு ஒத்துப்போக எத்தனை நாள் தங்கினோம் என்று தெரிய வேண்டும், அதற்காக எழுதியது என்றார்.

எட்டு வருஷத்து ஆட்டங்களை எக்செலில் ஏற்றிவிட்டேன். அண்ணன் ஆடிய ஒரு ஜோனல் இறுதிப் போட்டியும் அதில் இருக்கிறது. நாலு பாயின்டில் தோற்றிருக்கிறார்கள். அண்ணன் பெயருக்கு நேராக "5 ஃபவுல், வெளியே" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. அதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஓய்வுபெற்ற பி.டி. சார், மேடம் யாராவது இருந்தால் ஷீல்டு, போட்டோ பற்றி அப்புறம் கேளுங்கள். முதலில் செலவு நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்துக்கு ஒரு போட்டோ போதும், ஓரம் வெட்டுப்படாமல் எடுங்கள்.