அப்படியே பாடினால் வழி உண்டு, மாற்றினால் இல்லை

டீ டம்ளரைக் கையில் வாங்கும்போதே அக்கா மகன் போனை நீட்டினான். எண்பதுகளில் வந்த சினிமாப் பாட்டு ஒன்றின் பல்லவியை எடுத்து, வேகத்தைக் குறைத்து, அடியில் தன்னுடைய தாளத்தைச் சேர்த்து யூடியூபில் போட்டிருக்கிறான். உடனே காப்பிரைட் கிளெய்ம் வந்துவிட்டது. "பத்து செகண்டுதான் மாமா. ஒரிஜினல் யாருதுன்னு பேரும் போட்டேன். ஒரு பைசா வாங்கல" என்றான்.

இந்த மூன்று சமாதானங்களையும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இத்தனை விநாடி வரை இலவசம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்கிறது 52-ஆவது பிரிவு, அவ்வளவுதான். பெயர் போடுவது மரியாதை. அது அனுமதி ஆகாது. காசு வாங்கவில்லை என்பதும் தனியாக நின்று காப்பாற்றாது.

"அப்ப யார்கிட்ட மாமா கேக்கணும்?"

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாம் ஒரு பாட்டு என்கிறோம். சட்டத்தின் கணக்கில் அது மூன்று சொத்து. எழுதிய வரி, போட்ட மெட்டு, ஸ்டுடியோவில் பதிவான ஒலி. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும். ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். மூன்றும் ஒரே கையில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 1991-ல் வந்த 'குணா' பாட்டு ஒலித்தது. இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. இசை நிறுவனங்களிடம் முறைப்படி உரிமை வாங்கியிருக்கிறோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். வக்கீல் வைத்துப் படம் எடுப்பவர்களுக்கே இந்தச் சிக்கல் என்றால், மொட்டைமாடி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பையன் எங்கே போய்க் கேட்பான்?

"பாட்டை நானே பாடி, நானே கீபோர்டு வாசிச்சுட்டா?" என்றான். நல்ல கேள்வி. அப்போது மூன்றாவது சொத்தை நீ தொடவில்லை. வரியும் மெட்டும் மட்டும்தான் மிச்சம். அதற்கு 2012 திருத்தம் 31சி என்ற பிரிவில் ஒரு வழி வைத்திருக்கிறது. முன்கூட்டியே தெரிவித்து, ராயல்டியையும் முன்பணமாகக் கட்டிவிட்டால் உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் கவர் வெர்ஷன் பதிவு செய்யலாம். ஆனால் முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொழில்நுட்பத் தேவைக்கு மேல் வரியையோ மெட்டையோ மாற்றக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனையை அவனுக்கு இரண்டு முறை சொன்னேன். அப்படியே பாடுகிறவனுக்குச் சட்டம் வழிவிடுகிறது. தன் கற்பனையைச் சேர்க்கிறவன் ஒவ்வொரு உரிமையாளரின் வாசலிலும் போய் நிற்க வேண்டும். பிரதிக் கணக்கு கேசட், சிடி காலத்து நினைப்பு. ரீல்ஸ் போடுகிறவனுக்கு அதில் பிரதி எது?

யூடியூபின் கன்டென்ட் ஐடி இந்தப் பிரிவுகளையெல்லாம் புரட்டிப் பார்ப்பதில்லை. உரிமையாளர்கள் கொடுத்துவைத்த ஒலியின் தடத்தோடு உன் ஒலியை ஒப்பிடும். பொருந்தினால் அவர்கள் முன்பே சொல்லிவைத்தபடி வீடியோவைத் தடுக்கும், அல்லது விளம்பர வருமானத்தை அவர்கள் பக்கம் திருப்பும். இயந்திரத்துக்குத் தெரிந்தது ஒற்றுமை மட்டும். நியாயமான எடுத்தாளலா என்று அதனால் தீர்மானிக்க முடியாது.

உரிமையே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். மெட்டும் வரியும் ஒருவருடைய உழைப்பு. படைத்தவர்களிடம் உரிமையை மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்ட காலம் உண்டு. பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க வைக்க முடியாதபடி செய்ததும் அதே 2012 திருத்தம்தான். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காகப் போராடினார். அந்தப் பங்கு ரீமிக்ஸிலிருந்தும் அவர்களுக்குப் போய்ச் சேரட்டும்.

நான் கேட்பது அந்த 31சி-க்குப் பக்கத்திலேயே ரீமிக்ஸுக்கும் ஒரு வழி. வருமானத்தில் இத்தனை பங்கு என்று ஒரு விகிதம், கட்டுவதற்கு ஒரே இடம், படைப்பு சிதைக்கப்பட்டால் தடுக்க இப்போது 57-ஆவது பிரிவில் இருக்கும் தார்மிக உரிமை அப்படியே. பாராளுமன்றம் நினைத்தால் ஒரு திருத்தத்தில் செய்யலாம்.