உள்ளூர்ப் பத்திரிகையும் உதைபந்தாட்ட இரசிகரும்

ஒருவர் நாள்தோறும் காசு கொடுத்து ஒரு பத்திரிகையை வாங்குகிறார். வாங்கியதும் முதற் பக்கத்தைப் பாராது கடைசிப் பக்கத்தையே திருப்புகிறார். தம் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றிய செய்தி அங்கேதான் இருக்கும். அதனை ஒரு வரி விடாது வாசிக்கிறார். வாசித்து முடித்ததும், “இவன் எழுதுவதை யார் நம்புவார்?” என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைக்கிறார். மறுநாளும் அதே பத்திரிகையை வாங்குகிறார். பிரித்தானியாவின் தொழில் நகரங்களில் நெடுங்காலம் காணப்பட்ட வழக்கம் இது. இன்று பத்திரிகைக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியில் வாசிப்போரே மிகுதி. எனினும் வாசிக்கும் ஆவலும் நம்ப மறுக்கும் மனமும் முன்போலவே உடன் வருகின்றன. இந்த ஐயம் எங்கிருந்து பிறக்கின்றது, அதில் நியாயம் எவ்வளவு என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் பழைய நிலைமையைச் சிறிது நோக்குவோம். தொலைக்காட்சி பரவாத காலத்தில், தம் கழகம் அயலூர் சென்று ஆடும் ஆட்டத்தைக் காண்பது பெரும்பாலான இரசிகருக்கு இயலாத காரியம். அவர்களுக்குக் கண்ணாகவும் காதாகவும் விளங்கியவர் உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபரே. சனிக்கிழமை மாலையில் ஆட்டம் முடிந்து சிறிது நேரத்துக்குள் விளையாட்டுச் செய்திக்கென்றே தனித் தாள்கள் தெருவுக்கு வரும். ஷெபீல்ட் நகரில் பச்சை நிறக் காகிதத்தில் அச்சாகி, ‘பச்சைத் தாள்’ என்னும் கருத்துடைய பெயராலேயே வழங்கிய பத்திரிகை 1907இல் தொடங்கி 2013 வரை அச்சில் வெளிவந்தது. வேறு நகரங்களில் அத்தகைய தாள்கள் இளஞ்சிவப்பு நிறத்தில் வந்தன. மைதானத்திலிருந்து நிருபர் தொலைபேசி வழியாகச் சொல்லச் சொல்ல, அலுவலகத்திலிருப்போர் எழுதி அச்சுக்கோப்பர். அக்காலத்தில் நிருபரை ஐயுறுவதற்கு வேண்டிய வேறு சாட்சியம் வாசகரிடம் இருக்கவில்லை.

அந்நிருபர் கழகத்தாரோடு எவ்வளவு நெருங்கி வாழ்ந்தார் என்பதற்கு ஒரு துயரச் சம்பவமே சான்று. 1958 பெப்ரவரி 6ஆம் நாள், மான்செஸ்டர் யுனைட்டெட் குழுவினரை ஏற்றி வந்த விமானம் மியூனிக் நகரில் நொறுங்கியது. மாண்ட 23 பேருள் எண்மர் பத்திரிகையாளர். மான்செஸ்டரின் இரு மாலைப் பத்திரிகைகளுக்கு எழுதி வந்த ஆல்ப் கிளார்க், டொம் ஜக்சன் ஆகிய இருவரும் அவ்வெண்மருள் அடங்குவர். ஆட்டக்காரர் சென்ற வாகனத்திலேயே நிருபரும் சென்றார், அவர்களோடு உண்டார், இறுதியில் அவர்களோடேயே மடிந்தார். ஆகவே நிருபருக்கும் கழகத்துக்குமுள்ள உறவை வெறுஞ் சுயநலம் என்று கூறிவிடுதல் முறையன்று. அதில் உண்மையான தோழமையும் இருந்தது. ஆயினும், தோழமை மிகுந்த இடத்தில் குறை கூறும் வாய் தானாகவே அடங்கிவிடும் என்பதை உலகியல் அறிந்த எவரும் மறுக்கமாட்டார்.

நிருபரின் தொழில் எப்படி நடைபெறுகிறது என்று பார்ப்போம். ஆட்டம் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். ஆனால் பத்திரிகையின் பக்கம் ஒவ்வொரு நாளும் நிரம்ப வேண்டும். யாருக்குக் காயம், யார் விலை பேசப்படுகிறார், முகாமையாளர் எந்த ஆட்டக்காரரை இறக்குவார் என்ற செய்திகள் யாவும் கழகத்தின் கதவுக்கு உள்ளேதான் கிடைக்கின்றன. அக்கதவின் திறவுகோல் கழகத்தின் கையில் இருக்கின்றது. தலைநகரிலிருந்து வரும் நிருபருக்கு ஒரு கழகம் கதவடைத்தால் அவர் வேறொரு கழகத்தைப் பற்றி எழுதலாம். உள்ளூர் நிருபருக்கோ அந்த ஒரு கழகமே பிழைப்பு. ஒரு மாணவனின் குறையை அவன் தந்தையிடம் எடுத்துரைக்க வேண்டிய ஆசிரியர், அத்தந்தையின் வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருந்தால் அவர் நிலை எப்படியிருக்குமோ, அப்படிப்பட்டது இவர் நிலை. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம்மவர் பழமொழி. நன்றியறிதலுக்கு அது நல்ல வழிகாட்டி. செய்தி எழுதுபவருக்கோ அதுவே தளையாகவும் ஆகிவிடலாம்.

இத்தளை எங்ஙனம் இறுகும் என்பதற்கு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நிகழ்ந்தவை எடுத்துக்காட்டாகும். 1998இல், ரேஞ்சர்ஸ் கழகத்தின் அதிபர் டேவிட் மரேயோடு விருந்துண்டு உரையாடிய ஒரு பத்திரிகையாளர், அவ்விருந்தில் பரிமாறப்பட்ட சாறு ததும்பும் இளஆட்டு இறைச்சியையும் விட்டுவிடாமல் தம் கட்டுரையில் வருணித்தார். அன்று தொட்டு, அதிபர்களைப் புகழ்ந்தெழுதும் விளையாட்டு எழுத்துக்கு ‘இளஆட்டு இறைச்சி’ எழுத்து என்ற ஏளனப் பெயர் அந்நாட்டு இரசிகரிடையே நிலைத்துவிட்டது. அக்கட்டுரையாளரே 2012இன் இறுதியில் அக்கழகத்தின் செய்தித் தொடர்புப் பொறுப்பில் அமர்ந்தபோது, ஐயுற்றோர் “நாம் சொன்னோமே!” என்றனர்.

இது வெறும் நகைப்புக்குரிய கதையாக முடிந்திருந்தால் கவலையில்லை. 2010இல், அக்கழகத்தை வாங்க முன்வந்த ஒருவர் அளவிறந்த செல்வம் படைத்தவர் என்று பத்திரிகையில் வருணிக்கப்பட்டார். 2011 மே மாதத்தில் ஒரு பவுணுக்குக் கழகம் அவர் கைக்கு மாறியது. வங்கிக் கடனைத் தீர்த்த பணமோ, இரசிகர் வருங்காலத்தில் வாங்கவிருந்த பருவச் சீட்டுகளை முன்வைத்துப் பெற்ற பணம். 2012 பெப்ரவரியில் கழகம் கடனாளியாக நிருவாகிகளின் பொறுப்பில் விழுந்தது. அவ்வாண்டிலேயே பழைய கம்பனி கலைப்புக்குச் சென்றது. புதிய கம்பனியின் கீழ்க் குழு நான்காம் பிரிவிலிருந்து ஆடத் தொடங்கியது. உண்மையைத் தோண்டி எழுதிய பத்திரிகையாளரும் சிலர் இருந்தனர். ஆனால், “நாள்தோறும் உள்ளே போய் வந்தவர்களே, எங்களுக்கு ஏன் முன்னரே சொல்லவில்லை?” என்று இரசிகர் கேட்ட கேள்வியை எவராலும் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. பொய் எழுதினார் என்பதைவிட, தெரிந்தும் கேளாதிருந்தார் என்பதே இரசிகரின் மனத்தாங்கல்.

அப்படியாயின், நிருபர் துணிந்து எழுதினால் என்ன நேரும்? இதற்கு விடை இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் நகரில் கிடைக்கின்றது. அந்நகர மக்கள் தம் கழகத்தின்மீது வைத்த பற்று பெரிது. 1955க்குப் பின் நாட்டின் பெருங்கிண்ணம் எதனையும் வெல்லாதிருந்த அக்கழகம், 2025 மார்ச்சில் லீக் கிண்ணத்தை வென்ற வரை, எழுபது ஆண்டுகள் பொறுத்திருந்தவர்கள் அவர்கள். 2007இல் கழகத்தை வாங்கிய மைக் அஷ்லி என்ற வணிகரின் நிருவாகத்தில் பலர் வெறுப்புற்றனர். 2011இல் மைதானத்தின் பழம் பெயரை நீக்கி, அவருடைய கடைகளின் பெயரைச் சூட்டியது அவ்வெறுப்பை வளர்த்தது. 2013 ஒக்டோபரில் இரசிகர் ஓர் எதிர்ப்பு ஊர்வலம் நடத்தினர். ஊரிலுள்ள மூன்று பத்திரிகைகளும் அதனை விரிவாக வெளியிட்டன. கழகம் சினந்து, அம்மூன்று பத்திரிகைகளின் நிருபர்களையும் மைதானத்துக்குள் வர விடாது தடுத்தது. அவற்றுள் ஒன்று 1832இலும், மற்றொன்று 1885இலும் தோன்றியவை. அதாவது, 1892இல் அக்கழகம் தன் இன்றைய பெயரைப் பெறுவதற்கு முன்னரே இருந்தவை.

இவ்விரு நகரங்களின் கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நிருபரின் இக்கட்டு விளங்கும். எழுதாவிடின் வாசகர் ஐயுறுகின்றனர். எழுதினால் கழகம் கதவடைக்கின்றது. இன்னுமொரு விந்தையும் உண்டு. குழு தோற்ற வாரத்தில் “கழகத்தின் ஊதுகுழல்” என்று ஏசப்படும் அதே நிருபர், குழு வென்ற வாரத்தில் ஒரு குறையைச் சுட்டினால் “கழகத்தின் பகைவன்” என்று ஏசப்படுகிறார். 2021 ஒக்டோபரில் சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியம் முதன்மைப் பங்கேற்று நியூகாசில் கழகத்தை வாங்கியபோது, அந்நாட்டின் மனித உரிமை நிலைமை பற்றிக் கேள்வி எழுப்பிய பத்திரிகையாளர்மீது இரசிகருள் ஒரு சாரார் சினங்கொண்டனர். பழைய அதிபரை வினவாதது குற்றம் என்றவர்களுள் சிலருக்கே, புதிய அதிபரை வினவுவது குற்றமாகத் தோன்றியது.

ஆகவே, ஐயுறும் இரசிகரின் கண்ணையும் நாம் சோதித்துப் பார்த்தல் வேண்டும். 1951 நவம்பரில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்னும் இரு பல்கலைக்கழகங்கள் மோதிய ஆட்டமொன்று முரட்டுத்தனமாக நடந்தது. அது அமெரிக்கர் தமக்கென வகுத்துக்கொண்ட உதைபந்தாட்டம். ஆயினும் அதிலிருந்து நாம் பெறும் பாடம் பொதுவானது. ஹஸ்டோர்ப், கன்ட்ரில் என்னும் உளவியலறிஞர் இருவர் அவ்வாட்டத்தின் படச்சுருளை இரு தரப்பு மாணவருக்கும் காட்டி, கண்ட விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மவுத் குழு செய்த தவறுகளென அக்குழுவின் மாணவர் கண்டவை சராசரியாக 4.3, பிரின்ஸ்டன் மாணவர் கண்டவையோ 9.8. ஒரே படம், கண்களும் குறையுள்ளவையல்ல. பற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்கேற்பக் காட்சி மாறிவிட்டது. 1954இல் வெளிவந்த இவ்வாராய்ச்சி இன்றும் எடுத்தாளப்படுகிறது. நடுநிலையாக எழுதப்பட்ட செய்தியும் பற்றுடையவருக்குப் பகைச் செய்தியாகத் தோன்றக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

இதனால் இரசிகரின் ஐயம் யாவும் வீண் என்று முடிவு செய்துவிடலாகாது. 1989 ஏப்ரல் 15ஆம் நாள் ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசலின் விளைவாக லிவர்பூல் இரசிகர் 97 பேர் உயிரிழந்தனர். நான்கு நாட்களின் பின், இலண்டனிலிருந்து வெளிவரும் ‘சன்’ பத்திரிகை, ‘உண்மை’ என்ற பெருந்தலைப்பின் கீழ், மாண்டோரிடம் இரசிகர் திருடினர் என்றும் பிறவாறும் பழி சுமத்தியது. லிவர்பூல் மக்கள் அப்பத்திரிகையை வாங்க மறுத்தனர். அம்மறுப்பு இன்றும் தொடர்கின்றது. 2016இல் விசாரணை யூரிமார், அவை சட்டவிரோதமான உயிரிழப்புகள் என்றும், இரசிகரின் நடத்தை அதற்குக் காரணமன்று என்றும் தீர்ப்பளித்தனர். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியூர்ப் பத்திரிகையை அறவே ஒதுக்கிய அதே மக்கள், நீதி கேட்ட குடும்பங்களோடு ஆண்டுக்கணக்காக நின்ற தம் ஊரின் ‘லிவர்பூல் எக்கோ’ பத்திரிகையைத் தம்முடையதாக மதித்தனர். எனவே, பத்திரிகை என்றாலே பொய் என்பது அவர்கள் கொள்கையன்று. யார் தம்மோடு நின்று உண்மையைத் தேடினார் என்பதை ஆராய்ந்தே அவர்கள் நம்பினார்கள், ஆராய்ந்தே நம்பாதிருந்தார்கள். இதுவே பயனுள்ள ஐயம்.

இன்று இவ்வாராய்ச்சி முன்னிலும் அவசியமாயிற்று. கழகங்கள் தமக்கெனத் தனிச் செய்தித் தளங்களை நடத்துகின்றன. மான்செஸ்டர் யுனைட்டெட் கழகம் 1998இலேயே சொந்தத் தொலைக்காட்சியைத் தொடங்கியது. முகாமையாளரின் சொல்லை இரசிகர் கழகத்திடமிருந்தே நேராகக் கேட்கலாம். 1980களில் இரசிகரே எழுதி அச்சிட்ட சிறுபத்திரிகைகள் பெருகின. அவர்களின் குரல் இப்பொழுது இணையத்தில் ஒலிக்கின்றது. கழகத்தின் தளம் கழகத்தைக் குறை கூறாது. இரசிகரின் எழுத்துக்குப் பற்று உண்டு, ஆனால் கணக்கேடுகளைப் புரட்டிப் பார்க்க நேரமும் ஊதியமும் இல்லை. உள்ளே சென்று கேட்கவும், வெளியே வந்து சொல்லவும் ஊதியம் பெறுகின்ற ஒருவர் ஊருக்கு வேண்டும். ‘முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை’ என்று உள்ளூர் நிருபரை அனைவரும் கைவிட்டு, விற்பனை குன்றி அவர் வேலையும் போய்விடுமானால், கழகத்தின் அதிபருக்கே அதனால் ஆதாயம், இரசிகருக்கு அன்று.

நேயர்களே, விளையாட்டுச் செய்தியாயினும் வேறெந்தச் செய்தியாயினும், வாசிக்கும்போது சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. இதனை எழுதியவர் கண்டு எழுதினாரா, பிறர் சொல்லக் கேட்டு எழுதினாரா? சொன்னவர் பெயர் கூறப்பட்டதா? இச்செய்தியால் ஆதாயம் யாருக்கு? எழுதியவரின் கதவை அடைக்கக்கூடியவர் யார்? அவருக்கு மனங்கசக்கும் செய்தி எதனையும் இவர் எப்பொழுதாவது எழுதியிருக்கிறாரா? இக்கேள்விகளோடு, “எனக்குக் கசப்பாயிருப்பதாலேயே இதனைப் பொய் என்கிறேனா?” என்ற கேள்வியையும் தம்மை நோக்கியே கேட்கத் துணிபவர், நல்ல இரசிகராக மட்டுமன்றி நல்ல குடிமகனாகவும் விளங்குவார்.